பாறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்

சென்ற இதழில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைப் பக்கம் முளைக்கும் பண்ணை வீடுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, “நானும் கட்டப் போகிறேன், என்ன செய்யலாம்?” என்கின்றன. மீதி, “சொல்வதற்கு நீ யார்?” என்கின்றன. இரண்டாவது வகைக்குப் பதில்: யாருமில்லை. முதல் வகைக்கு இந்த இதழ் முழுவதும்.

கே: நார்த்தாமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சை வாங்கியிருக்கிறேன். வீடு நவீனமாகவும் இருக்க வேண்டும், மலையோடும் ஒட்ட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகர், கீரனூர்)

ப: மேலமலையிலிருந்து. ஆர்க்கிடெக்டைப் பார்ப்பதற்கு முன்னால், வங்கியில் கடன் கேட்பதற்கு முன்னால், ஒரு சாயங்காலம் அந்தக் குன்றில் ஏறுங்கள். விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்குப் போகும் அதே பாறைச் சரிவுதான். மேலே நின்று உங்கள் இரண்டு ஏக்கரைத் தேடுங்கள். அங்கிருந்து தெரியப்போவது சுவர் இல்லை, வாசல் இல்லை, ஆசை ஆசையாக நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் எலிவேஷனும் இல்லை. கூரை. வெறும் கூரை. சமவெளியில் வீட்டுக்கு முகம் முன்பக்கம். நார்த்தாமலையில் முகம் உச்சந்தலையில் இருக்கிறது. இப்போதே கீழே பாருங்கள்: பச்சைக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவே பளிச்சென்று நீல ஷீட், அதன் பக்கத்தில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, குறுக்கே துணிக்கொடி. இவர்கள் எல்லாரும் முன்பக்கத்துக்கு விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்டியவர்கள்தான்.

இறங்கும்போது கோயிலை ஒரு வீட்டுக்காரரின் கண்ணால் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முத்தரையர் சாத்தன் பூதி கட்டியது என்கிறது கல்வெட்டு. (பெயர் என்னவோ சோழ மன்னருக்குப் போய்விட்டது. கட்டியவர் ஒருவர், பெயர் இன்னொருவர் என்பது நம் ஊரில் புதிதல்ல.) அவர் கையில் மலையே இருந்தது. உச்சியில் நட்டு, பத்துக் கல் தொலைவுக்குத் தெரிய வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சரிவில், பாறை கொஞ்சம் தட்டையாக விரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். தரையில் கிடப்பதும் சுவரில் நிற்பதும் ஒரே கருங்கல். ஒரே பெரிய மொத்தையாகக் கட்டாமல் நடுவில் கோயில், சுற்றிச் சின்னச் சின்ன சன்னதிகள் என்று பிரித்துப் போட்டார். மேற்கு பார்த்த வாசல். எதிரே குன்றைக் குடைந்து இரண்டு கோயில்கள்.

இதில் எங்கே நவீனம் என்கிறீர்களா? உள்ளே எட்டிப் பாருங்கள். கருவறை வட்டம், அதைச் சுற்றிய வெளிச்சுவர் சதுரம். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான சோதனை. உள்ளே புதுமை செய்தவர் வெளியே அடக்கமாக இருந்தார். நம் ஆட்கள் தலைகீழ்: வெளியே வளைவும் நெளிவும் கண்ணாடியும், உள்ளே போனால் அதே பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதே ட்யூப் லைட்.

கே: கோயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் கட்டலாம்? புரோக்கர் “சாமி பார்க்கிற தூரம்” என்கிறார். (வாசகர், புதுக்கோட்டை)

ப: சாமி பார்ப்பார். தொல்லியல் துறையும் பார்க்கும். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் செங்கல் வைக்க வேண்டும். 2010இல் வந்த திருத்தச் சட்டம் இது. நார்த்தாமலையில் இப்படிப்பட்ட சின்னம் ஒன்றல்ல. மேலமலையில் கோயிலும் குடைவரைகளும் இருக்கின்றன. கடம்பர் மலை தனி. பத்திரம் பதிவதற்கு முன்னால் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடியுங்கள். பதிந்த பிறகு பிடித்தால் டேப்புக்கு வலிக்காது.

கே: மலையைப் பார்த்த பக்கம் முழுவதும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைக்க ஆசை. சோபாவில் படுத்தபடி மலையைப் பார்க்கலாம் அல்லவா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: பார்க்கலாம். மலையும் உங்களைப் பார்க்கும், வியர்வையோடு.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற டாக்டரம்மாவுக்கு, மீஸ் வான் டெர் ரோ என்ற மாமேதை 1951இல் ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடி வீடு கட்டி முடித்தார். நாலு பக்கமும் கண்ணாடி. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் அதைக் கும்பிடுகிறார்கள். குடியிருந்த அம்மாவுக்கோ கோடையில் புழுக்கம், இரவில் விளக்கைப் போட்டால் ஊர்ப் பூச்சியெல்லாம் கண்ணாடியில், ஒரு தடவை ஆற்று வெள்ளமே வீட்டுக்குள். கடைசியில் இருவரும் கோர்ட்டில் நின்றார்கள். அங்கே வருடத்தில் பாதி குளிர்காலம். உங்கள் இடத்தில் குளிர்காலம் என்பது மார்கழியில் விடியற்காலை ஒரு மணி நேரம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. “வடக்குப் பக்கம் வெயில் விழாது, அங்கே கண்ணாடி வையுங்கள்” என்று டெல்லியில் படித்த ஆர்க்கிடெக்ட் சொல்வார். டெல்லிக்கு அது பெரும்பாலும் சரி. நார்த்தாமலை ஏறத்தாழ 10½ டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சி சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்புகிறது. அதாவது அக்னி நட்சத்திரம் முழுவதும் மத்தியான சூரியன் உங்கள் வடக்குச் சுவர்ப் பக்கம்தான். ஆகவே வடக்கிலும் தெற்கிலும் இரண்டரை அடியாவது இறவாரம் நீட்டுங்கள். கிழக்கையும் மேற்கையும் தாழ்வாரமோ மரமோ காக்கட்டும். மலை தெரிய வேண்டுமா? சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வருகிற மாதிரி அகலமான, உயரம் குறைந்த ஜன்னல் ஒன்று போதும். சுவர் முழுக்க மலை தெரிந்தால் நாலாம் நாள் காலண்டர் படம்போல ஆகிவிடும்.

மயிலை மறந்துவிட்டேன். நம் மாவட்டத்தில் மயிலுக்குப் பஞ்சமில்லை. ஆண் மயில் கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் போட்டிக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று கொத்தும். விடிகாலை ஐந்தரைக்கு.

கே: எங்கள் மனையில் யானை யானையாக மூன்று பாறை. “வெடி வைத்து எடுத்துவிட்டால் இடம் சுத்தமாகிவிடும், கல்லும் நமக்கே” என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா? (வாசகி, திருச்சி)

ப: அம்மா, முதலில் கான்ட்ராக்டரை எடுத்துவிடுங்கள். பட்டா நிலமே ஆனாலும் கல் என்பது சிறு கனிமம். 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி அனுமதியில்லாமல் உடைத்து எடுக்க முடியாது. வெடி வைப்பதற்குத் தனி உரிமம். சட்டத்தை விடுங்கள், அந்த மூன்று பாறைதானே உங்கள் மனையின் அழகு? அதற்காகத்தானே நார்த்தாமலைக்கு வந்தீர்கள்? வெட்டவெளி வேண்டுமென்றால் திருச்சியிலேயே பிளாட் போட்டு விற்கிறார்களே.

இலங்கையில் நிக்கவெரட்டியா பக்கம் பொலொன்தலாவ என்ற தென்னந்தோட்டம். 1960களின் நடுவில் ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவும் அவருடைய கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் அங்கே தோட்ட பங்களா கட்டப் போனார்கள். குறித்திருந்த இடம் பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பெரிய பெரிய பாறைகள் சிதறிக் கிடந்த இடம் பிடித்துவிட்டது. வரைபடத்தோடு மல்லுக்கட்டவில்லை, குச்சியும் கயிறும் கொண்டு தரையிலேயே வீட்டைக் குறித்தார்கள். பாறைகள் அப்படியே நின்றன; வீடு அவற்றுக்கிடையே நுழைந்துகொண்டது. இங்கே பாறையே சுவர், அங்கே பாறையே கூரையைத் தாங்கும் தூண். பார்க்கிறவருக்கு வீடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வராது. பழைய பாணி எதையும் அவர்கள் காப்பியடிக்கவில்லை, கான்கிரீட் உத்தரம்தான் போட்டார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் தனக்கென்று வாங்கியது யாரும் சீந்தாத கல் குன்றுச் சரிவு. பழைய கதவு, பழைய ஓடு, உடைந்த செங்கல் என்று கிடைத்ததைக் கொண்டு, சரிவு ஏறுகிற இடத்தில் தானும் ஏறி, இறங்குகிற இடத்தில் தானும் இறங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டை வளர்த்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவு: பாறை தலைகாட்டும் இடத்தில் அஸ்திவாரம் பாதி இலவசம். பாறையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, துளை போட்டுக் கம்பி நட்டு, அதன்மேல் எழுப்பலாம். ஆனால் படுக்கையறையைப் பாறையோடு ஒட்ட வைக்காதீர்கள். சித்திரை மாதம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். பாறைப் பக்கம் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி. படுக்கை எதிர்ப்பக்கம். பாறையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் ஒழுகி இறங்கும். அங்கே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீழே வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சிமென்ட் வைத்து அடைத்துப் பாறையோடு சண்டை போட்டவர் யாரும் ஜெயித்ததில்லை.

கே: காரைக்குடியில் பழைய தேக்குத் தூண் வாங்கி முன்னால் நாலு நட்டால் கிராமத்து லுக் வந்துவிடும் அல்லவா? (வாசகர், சென்னை)

ப: வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து வந்த லுக் என்று எல்லாருக்கும் தெரியவும் வரும். அந்தத் தூண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடித்துப்போட்ட வீடு ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அசல் பட்டியலில் ஏறுவதற்குள் வீடுகள் லாரியில் ஏறிவிடும்போல. தூணை விட்டுவிட்டு அந்த வீடுகளின் புத்தியை வாங்குங்கள்: நடுவில் முற்றம், சுற்றி நிழல், வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் காற்று.

கே: ஆத்தங்குடி டைல்ஸ்? (அதே வாசகர், அதே கடிதம்)

ப: அது தாராளமாக. இன்றும் கையால் செய்கிற பொருள், இங்கிருந்து கிட்டத்தில் கிடைக்கிற பொருள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. நடக்க நடக்க ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். பதிக்கிறவரையும் ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்தே கூட்டிவாருங்கள். ஒரு வேண்டுகோள்: அறைக்கு ஒரு டிசைன் என்று ஒன்பது டிசைன் வாங்காதீர்கள். வீடு சேலைக்கடை ஷோகேஸாக வேண்டாம்.

கே: கஜா புயலில் எங்கள் ஓட்டு வீடு காகிதம்போலப் பறந்தது. நீங்கள் ஓட்டைப் புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும். எந்தக் கூரை? (வாசகர், கந்தர்வகோட்டை)

ப: கோபம் நியாயம். 2018 நவம்பர் 16 விடியற்காலையை உங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று பறந்ததில் பெரும்பகுதி, சட்டத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருந்த ஓடும், நட்டு முறுக்காத ஷீட்டும். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை; இறவாரத்துக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. ஆகவே ஓடுதான் வேண்டும் என்றால்: இரண்டு பக்கச் சரிவுக்குப் பதில் நாலு பக்கச் சரிவு; ஓரத்து வரிசைகளை ஒவ்வொரு ஓடாகக் கம்பியால் கட்டுவது; உத்தரத்தைச் சுவருக்குள் இறங்கிய கம்பியோடு பிணைப்பது; தாழ்வாரத்துக் கூரையை வீட்டுக் கூரையிலிருந்து தனியாக வைப்பது. தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும்.

ஆனால் நார்த்தாமலையில் ஓட்டுக்குப் புயலைவிடப் பெரிய எதிரி குரங்கு. புயல் எப்போதோ வரும். இவர் தினமும் வருவார், குடும்பத்தோடு.

என் ஓட்டு இதற்கு: தட்டைத் தளம், பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறையில். கான்கிரீட் தளத்தில் அழுத்தத்தைத் தாங்குவது மேல் பாதி. கீழ்ப் பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே, பழைய சீமை ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் சிமென்ட் மிச்சம், கனம் குறைவு, நடுவில் அடைபட்ட காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். கணக்கு எஞ்சினியர் போட வேண்டும், மேஸ்திரி போடக்கூடாது. மேலே சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு பதியுங்கள். மேலமலையிலிருந்து பார்த்தால் செம்மண் தரை மாதிரிதான் தெரியும். வெள்ளை அடித்தால் இன்னும் குளிர்ச்சி என்பார்கள். உண்மைதான். ஆனால் மலைமேல் நிற்கிறவன் கண் கூசும். இரண்டும் வேண்டும் என்றால், தளத்தின்மேல் பந்தல் போட்டுக் கோவைக்கொடியை ஏற்றிவிடுங்கள். சோலார் பேனலைக் கூரையில் வைத்தே தீர வேண்டுமென்று சட்டமில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தரையில் நிறுத்தினால் துடைக்கவும் சுலபம்.

கே: ஃபாலிங்வாட்டர் மாதிரி அருவிக்கு மேலேயே வீடு கட்ட முடியுமா? என் கனவு அது. (கட்டடக்கலை மாணவர், மதுரை)

ப: அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாயிட் ரைட் 1935இல் வரைந்தது. கூரை ஒழுகிய ஒழுக்கைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் காஃப்மன் அதற்கு ஏழு வாளிக் கட்டடம் என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். தொங்கும் மேடைகள் கீழே சாய ஆரம்பித்து, 2002இல் இழுத்துக் கட்டிச் சரிசெய்தார்கள். மேதையின் வீடு, ஆகவே உலகம் மன்னித்தது. உங்களையும் என்னையும் மன்னிக்காது. தவிர, நார்த்தாமலையில் தலையருவி என்று பெயர் இருக்கிறதே தவிர, அங்கே இருப்பது சுனை. ஐப்பசி கார்த்திகையில் பாறைமேல் ஓடும் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் கனவு காணலாம்.

கே: மண் வீடு, மண் வீடு என்கிறார்களே, எங்கள் மண்ணில் ஆகுமா? (வாசகி, அன்னவாசல்)

ப: பாட்டிலைக் கேளுங்கள். மேல் மண்ணை ஓரடி ஒதுக்கிவிட்டுக் கீழிருந்து மண் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்துவிடுங்கள். சரளையும் மணலும் கண்ணெதிரே இறங்கிவிடும்; வண்டல் அரைமணி, ஒருமணி என்று மெதுவாக; களி மறுநாள் வரை மிதந்து கடைசியில் மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டும். மணலும் சரளையும் கூடுதலாக, களி கொஞ்சமாக இருந்தால் அழுத்திய மண் கல்லுக்கு ஏற்ற மண். உங்கள் பக்கத்துச் செம்மண் சரளைக்கு வாய்ப்பு அதிகம். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, கை பிரஸ்ஸில் அழுத்தி, ஈரம் காயாமல் நாலு வாரம் வைத்தால் கல் தயார். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பல வருடங்களாக இதைச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறது. மண் எடுத்த பள்ளத்தை மூடாதீர்கள், அது உங்கள் மழைநீர்க் குட்டை. அப்புறம், தரையிலிருந்து மூன்றடிக்குக் கருங்கல்லோ செம்புறாங்கல்லோ வைத்துக் கட்டிவிட்டு அதன்மேல் மண் கல்லை ஏற்றுங்கள். நம் ஐப்பசி மழை பூமியில் விழுந்து துள்ளுகிற துள்ளல் இரண்டடிக்கு வரும்.

மண் சுவருக்கு வெளியே பெயின்ட் எதற்கு என்று நீங்களே கேளுங்கள், நான் கேட்டால் பெயின்ட் கடைக்காரர் அடிக்க வருவார்.

கே: பாறை நிலத்தில் செப்டிக் டேங்க் பிரச்சினை என்கிறார்களே? (வாசகர், இலுப்பூர்)

ப: மலையழகைப் பற்றி நூறு பேர் கேட்கும்போது இதைக் கேட்டீர்களே, நீங்கள் வீட்டில் உண்மையிலேயே குடியிருக்கப் போகிறவர். அடியில் பாறை இருந்தால் உறிஞ்சு குழி உறிஞ்சாது. ஏதோ ஒரு மழையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும், சில சமயம் பக்கத்துக் கிணற்றுக்கு. தொட்டியிலிருந்து வரும் நீரை, சரளை நிரப்பிய நீளமான ஆழமில்லாத பாத்தியில் விட்டு, கல்வாழையும் கோரையும் நடுங்கள். குளியலறைத் தண்ணீர் வாழைக்கு. தொட்டியும் பாத்தியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக.

கே: நீச்சல் குளம்? (வாசகர், கோலாலம்பூர்)

ப: இருபதுக்குப் பத்தடி, நாலடி ஆழம் என்றாலே 22,000 லிட்டருக்கு மேல். ஊரில் போர் ஆயிரம் அடியைத் தாண்டும்போது நீங்கள் குளோரின் தண்ணீரில் மல்லாந்து மிதந்தால் மிதப்பு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கணக்கை இப்படிப் போடுங்கள்: மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதிகம் பெய்வது வடகிழக்குப் பருவத்தில். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது 83,000 லிட்டர். சிந்தியது போக 65,000 கைக்கு வரும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நிலத்தடித் தொட்டி, மிச்சம் படிவைத்த குட்டைக்கு. அதில் இறங்கிக் குளியுங்கள், யார் வேண்டாம் என்றது? மீன் விட்டால் கொசுவுக்கும் விடை.

கே: சுற்றிலும் எட்டடி காம்பவுண்ட் எழுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்பு முக்கியம். (வாசகர், திருச்சி)

ப: யாரிடமிருந்து? மலையிடமிருந்தா?

நார்த்தாமலையில் மழை என்றால் என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரைப் பற்றிப் பேசுங்கள். பாறை ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது. விழுந்தது அத்தனையும் வழித்துக்கொண்டு கீழே ஓடிவரும். வரத்துவாரிகள் அதை வாங்கிக் குளத்துக்கும் கண்மாய்க்கும் கொண்டுபோகும். உங்கள் எட்டடிச் சுவர் அதற்குக் குறுக்கே நின்றால் நடப்பது இரண்டில் ஒன்று: சுவர் விழும், அல்லது விழாமல் நின்று கீழே இருக்கிறவரின் வயல் காயும். முதலாவது பரவாயில்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் மனைக்குள் ஓடைப் புறம்போக்கு ஒரு கோடாகப் போயிருக்கலாம். கோட்டில் இல்லாத பழைய தடமும் இருக்கும். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆடு மேய்க்கிற பெரியவரைக் கேளுங்கள், “தண்ணி இப்பிடித்தான்யா வரும்” என்று கையை நீட்டிக் காட்டுவார். வீட்டை அந்தக் கைக்கு வெளியே வையுங்கள்.

வேலிக்குக் கிளுவை. ஆடி, ஆவணியில் போத்து வெட்டி அடுத்தடுத்து நட்டால் ஐப்பசி மழையில் தழைத்துவிடும். முள் உண்டு, மாடு நுழையாது, தண்ணீர் நுழையும், ஓணானுக்கும் கௌதாரிக்கும் வீடு. இடையிடையே பனங்கொட்டை போட்டு வையுங்கள். பலன் உங்கள் பேரனுக்கு.

கே: புல்தரை போட்டு அலங்காரச் செடி வைக்க ஆள் வந்திருக்கிறார். (வாசகி, புதுக்கோட்டை)

ப: காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த மண்ணில் தானாக வருவது என்னவென்று ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்: ஆவாரை, வெப்பாலை, உசிலை, நொச்சி, வேம்பு. இவற்றுக்குத் தோட்டக்காரர் வேண்டாம். நம் மாவட்டம் ஏற்கனவே தைலமரத்தை ஏக்கர் ஏக்கராக நட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிறது. மனையில் பழைய தைலமரம் நின்றால் வெட்டிக் கூரைச் சாரத்துக்கு முட்டுக் கொடுங்கள், ஒரு தடவையாவது உபயோகப்படட்டும்.

ராத்திரி விளக்கிலும் கை கொஞ்சம் இறுகட்டும். வேலி ஓரமெல்லாம் எல்.ஈ.டி. நட்டு மலையை விடிய விடிய விழிக்க வைக்காதீர்கள். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அதற்கு அது ஆபீஸ் நேரம்.

கே: வாஸ்துப்படி சமையலறை தென்கிழக்கில்தான் வர வேண்டும். அங்கேதான் பெரிய பாறை இருக்கிறது. என்ன செய்ய? (வாசகி, விராலிமலை)

ப: அக்னி மூலையில் ஏற்கனவே நாள் முழுவதும் சூடாகும் ஒன்று இருக்கிறதே. வாஸ்து பகவான் உங்களுக்கு முன்பே அடுப்பை வைத்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள். ஜோசியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கே: திண்ணை வைத்தால் ஊரில் போகிறவர் வருகிறவர் எல்லாம் உட்கார்ந்துவிடுவார்களே? (வாசகர், சென்னை)

ப: வேறெதற்கு வைப்பார்கள்?

கே: ஊர்க்காரர்கள் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? (வாசகர், பெங்களூரு)

ப: நீங்கள் அவர்களை எடுத்துக்கொள்கிற மாதிரி. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு ஜனம் திரண்டு வரும். பால்குடம், காவடி, மைக் செட், ராட்டினம். “இயற்கையின் அமைதி” தேடி வந்தவர்கள் அந்த வாரம் பெங்களூருக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். வாசலில் ஒரு நீர்மோர்ப் பந்தல் போடுங்கள். நிலப்பரப்போடு இணைந்த வீடு என்று பத்திரிகையில் படம் வருகிறதே, அந்தப் படங்களில் ஒரு மனிதர்கூட இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நார்த்தாமலையின் நிலப்பரப்பில் பாறைக்கு அடுத்தபடி நிறைய இருப்பது மனிதர்கள்தான். கொத்தனாரையும் கல் வேலைக்காரரையும் உள்ளூரிலேயே பிடியுங்கள். கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் அங்கே இருக்கிறார். அந்தக் காது பெங்களூரில் கிடைக்காது.

கே: மலை முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்? (வாசகர், குளத்தூர்)

ப: எவ்வளவு தள்ளி என்று கேளுங்கள். இலங்கையில் சிகிரியா குன்றின் அடிவாரத்திலேயே ஓட்டல் கட்ட பாவாவைக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்து, சில மைல் தள்ளிக் கண்டலம ஏரிக்கு மேலே, ஒரு பாறை முகத்தை ஒட்டி இடம் பிடித்தார். 1994இல் திறந்தார்கள். சிகிரியாவை அங்கிருந்து ஏரிக்கு அப்பால் முழுசாகப் பார்க்கலாம். சிகிரியாவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் ஓட்டல் உறுத்தாது. கான்கிரீட் கட்டடம்தான், கொடி படர்ந்து மூடிவிட்டது. மலையின் காலடியில் வீடு கட்டினால் உங்களுக்குத் தெரிவது மலையின் முழங்கால்.

கே: சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்? (ஐந்தாறு பேர்)

ப: சதுர அடியைக் குறையுங்கள், ஆகாது.

கே: வீட்டுக்குப் பெயர் தேடுகிறோம். ‘மலைச்சாரல்’, ‘ராக் வியூ’, ‘கல்லும் காற்றும்’, எது நன்றாக இருக்கும்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: பெயர் ஏற்கனவே வைத்தாயிற்று. அஸ்திவாரம் தோண்டிய அன்றே டீக்கடையில் ‘சிங்கப்பூர்க்காரர் வீடு’ என்று முடிவாகிவிட்டது. நீலக் கூரை போட்டால் ‘நீலக் கொட்டாய்’ என்று மாறும், அவ்வளவுதான். பெயர்ப் பலகைக்கு வாங்கிய கிரானைட்டை அடுப்படி மேடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.